ஆற்றுக் கிணற்றுக் கம்பம்

லூணி ஆறு வருகிறது என்று முதலில் சொன்னவன் ஆட்டுக்கார ஹர்ஜி. அவன் வாயிலிருந்து உண்மை வந்து பல வருஷமாகிவிட்டதால் யாரும் கட்டிலை விட்டு எழவில்லை. நாலு நாளாக அடைமழை. நான் சூளை மேல் போட்டிருந்த தகரம் பறந்துவிடாமல் கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே எண்பது பச்சைப் பானை. மழை வேண்டும் என்று கும்பிடாத நாள் இல்லை, வந்ததும் முதலில் திட்டியவனும் நான்தான். குயவன் பிழைப்பு அப்படி.

"ஆறு வருதுய்யா! நுரை தள்ளிக்கிட்டு வருது!"

"போன வருஷம் சிறுத்தை வருதுன்னியேடா?"

"சிறுத்தை வரல, ஒத்துக்கறேன். இது வருது. நம்பாட்டி வீட்லயே கெடங்க. அதுவே வந்து எழுப்பும்."

காற்று ஒரு நிமிஷம் நின்றபோது எனக்கும் அந்த இரைச்சல் கேட்டது. கேட்டதும் தகரத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

எங்களுக்கு லூணி என்றால் ஆறு இல்லை, பாதை. மணல் பாதை. மாட்டு வண்டி போகும், ஒட்டகம் போகும், கல்யாணப் பெண் போவாள். பதினேழு வருஷமாக அதில் தண்ணீர் வரவில்லை. அதனால் எப்படி வரவேற்பது என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. ஊர்த் தலைவர் தேங்காய் கேட்டார். கடையில் இருந்தது கொப்பரை. சரி, அதையே உடைத்தோம். முதலில் நுரையும் முள்ளும் சாணியும் ஒற்றைச் செருப்பும் வந்தன. பிறகு செங்கல் நிறத்தில் தண்ணீர் கரைக்குக் கரை வந்தது. பெண்கள் சிவப்புத் துணியை அதன் மேல் விட்டுவிட்டு அழுதார்கள். நானும் அழுதேன். என் பெண்சாதி ஜம்கு மட்டும், "சூளையை மூடிட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

அந்தக் கூட்டத்தில் கவரி அழவில்லை. அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கரைக்கு அப்பால் ஒரு மணி நேர நடையில் சாந்தலி, அவள் பிறந்த ஊர். அங்கே அவள் அண்ணன் ஜோகாராம் இருந்தான். அண்ணனும் தங்கையும் முகம் பார்த்து ஏழு வருஷம்.

கவரி எங்கள் அடுத்த வீடு. அவள் புருஷன் கீமாராம். பதினாலு வருஷத்துக்கு முன் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம் அது. கவரி இங்கே வந்தாள், கீமாவின் தங்கை பெம்பி ஜோகாராமுக்கு அங்கே போனாள். ஒரே பந்தல், ஒரே சாப்பாடு. செலவு மிச்சம் என்று இரண்டு வீட்டு அப்பன்மாரும் மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்றதும் அவிழும் என்று யார் நினைத்தார்கள்?

கீமாவின் அப்பா செத்த பன்னிரண்டாம் நாள், வழக்கப்படி ஜோகாராம் மச்சானுக்குத் தலைப்பாகைத் துணி கொண்டுவந்தான். யாரோ ஒரு வம்புக்காரன் அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகும் போலிருக்கே" என்றான். கீமா அதைக் கட்டவில்லை, ஆணியில் மாட்டினான். ஜோகாராம் ஆணியைப் பார்த்தான், சாப்பிடாமல் எழுந்து போனான். அப்பன் சாவுக்கு வந்து, இரண்டு நாளில் அனுப்புகிறோம் என்று நிறுத்திவைக்கப்பட்ட பெம்பி ஏழு வருஷமாக இங்கேயே இருந்தாள். "என் தங்கச்சி அங்க இல்ல, உன் காலும் அங்க படாது" என்று கீமா கவரியிடம் சொல்லிவிட்டான். கூட்டிப்போக அவன் வரட்டும் என்று இவனும், அவர்கள் கூப்பிடட்டும் என்று அவனும். இரண்டு ஆண்களும் வீம்பில் உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டார்கள்.

ஆறு வந்த மறுநாள் ஊர்க்குளமும் ததும்பியது. குளம் நிறைந்தால் குளம் அளைய வேண்டும். கட்டிக்கொண்டு வந்த பெண்கள் ஒவ்வொருத்தரும் புதுப்பானையோடு குளத்தில் இறங்குவார்கள். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி வந்து எதிரே நிற்பான். இருவரும் பானையைப் பிடித்து நீரை அளைந்து, அவன் தன் கையால் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முந்தானைச் சேலை போர்த்துவான். அண்ணன் வராத பெண் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். அதற்காகவே ஒவ்வொரு கோடையிலும் பெண்கள் காய்ந்த குளத்தில் மண் சுமப்பார்கள். கவரி பதினாலு கோடை சுமந்தவள். உச்சியில் முடி தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது.

ஏகாதசியன்று குளம் அளைவது என்று தலைவர் நாள் வைத்தார். ஆறு நாள் இருந்தது. அன்று சாயங்காலமே கவரி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒரு பானை வேணும்."

நான் ஜம்குவைப் பார்த்தேன். அவள் ரொட்டி மாவைப் பார்த்தாள்.

"குளத்துக்கா, தாயி?"

"பின்ன, ஊறுகா போடவா கேக்கறேன்? வாய் அகலமா இருக்கணும். ரெண்டு பேர் கை உள்ள போகணும்."

"உங்க அண்ணன்..."

"மழை புடிச்ச ரெண்டாம் நாளே, ஆறு வர்றதுக்கு முன்ன, ஒட்டகக்காரர் மேகாகிட்ட சொல்லியனுப்பிட்டேன். குளம் நெறையப் போவுது, தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு நெனப்பு இருந்தா வரச் சொல்லுங்கன்னு."

"கீமாவுக்குத் தெரியுமா?"

"பானை வீட்டுக்கு வந்தா தெரிஞ்சிடும்."

அவள் போனதும் ஜம்கு சொன்னாள்: "இருக்கறதுல நல்லதா பாத்துக் குடு. வந்தான்னா இந்த வீடும் நிமிரும், பெம்பியும் போய்ச் சேருவா."

அவன் வந்தான். ஆறு வந்த நாலாம் நாள் அக்கரையில் ஒரு ஆள் நிற்கிறான் என்று பேச்சு கிளம்பி நாங்கள் போய்ப் பார்த்தோம். இந்த இடத்தில் ஆறு அரை மைல் அகலம். ஆள் தெரியும், முகம் தெரியாது, குரல் எட்டாது. பாலம் என்று ஒன்று மேலே இருபது மைலில் இருந்தது, அதுவும் உடைந்து கிடந்தது.

"யாரோ பால்காரன் மாதிரி இருக்கு" என்றான் கீமா.

பெம்பி முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். "பால்காரன் ரெண்டு கால்லயும் நிப்பான். இது ஒரு கால்ல நிக்குது. தலையில மூட்டை வேற."

"ஏழு வருஷமாச்சு. நின்ன காலு நெனப்பிருக்காக்கும்?"

"நீ மாட்டி வெச்ச தலைப்பாகை நெனப்பிருக்கே, காலு இருக்காதா?"

கீமா வீட்டுக்குப் போனான். அன்று சாயங்காலம் அவன் சவரம் செய்துகொண்டதை நான் வேலிக்கு மேலாகப் பார்த்தேன். ஓட்டையான கயிற்றுக் கட்டிலை இழுத்து வாசலில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தான்.

"யாருக்குய்யா கட்டிலு?"

"கட்டிலு அறுந்தா பின்ன மாட்டாங்களா? நான் ஒண்ணும் மொதல்ல பேசப்போறதில்ல. வந்தா விருந்தாளிக்குக் குடுக்கற வழக்கப்படி அபின் கரைச்சு உள்ளங்கையில குடுப்பேன். குடிச்சா குடிக்கட்டும்." கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, "அந்தத் தலைப்பாகையத் தேடினேன். எலி கடிச்சிருக்கு. ஓரமாத்தான். மடிச்சுக் கட்டினா தெரியாது" என்றான்.

மூன்று நாள் ஜோகாராம் அக்கரையிலேயே கிடந்தான். ஒரு புதருக்கடியில் மூட்டையை வைத்து, காலையும் மாலையும் மூன்று கல் கூட்டி ரொட்டி சுட்டான். இக்கரையில் இரண்டு பெண்களும் வேலையெல்லாம் ஆற்றோரம் கொண்டுவந்தார்கள். கவரி கம்பு புடைத்தாள், பெம்பி சாணி தட்டினாள். கண் இரண்டு பேருக்கும் அங்கே.

"மதினி, பொகையப் பாரு. கறுப்பா போவுது. ரொட்டியக் கருக்கறாரு."

"பசியில அவசரமா இருக்கும்."

"எப்பவுமே அப்படித்தான். ஒருநாள் நான் காய்ச்சல்ல படுத்தேன். இவரு சுட்ட ரொட்டிய நாய் மோந்து பாத்துட்டு வேலியத் தாண்டி ஓடிச்சு."

கவரி முறம் அதிரச் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெம்பி தன் தகரப் பெட்டியை அன்றே அடுக்கிவிட்டாள். ஏழு வருஷத்துக்கு முன் கொண்டுவந்த பாவாடைகள் இப்போது சேராது, இருந்தாலும் மடித்து வைத்தாள்.

நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். ஒருவருக்கும் கிணற்றின் நினைப்பு வரவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஊருக்குள் தோண்டினால் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஆற்று மணலுக்கு அடியில். அதனால் வீட்டுக்கு ஒரு கிணறு ஆற்றுக்குள் இருந்தது. நாலு ஆள் ஆழம், ஒரு ஆள் இறங்குகிற அகலம், உள்ளே குச்சிப் பின்னல், வாயைச் சுற்றி முள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பம் நட்டிருக்க வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. ஆறு வந்தால் முள்ளும் பின்னலும் போகும், கிணறு தண்ணீரும் சேறுமாக நிரம்பி மேலே ஒன்றும் தெரியாமல் மட்டமாகிவிடும். கம்பம் மட்டும் நின்று, இங்கே கால் வைக்காதே என்று சொல்லும். பதினேழு வருஷம் ஆறு வராததில் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. என்னுடையதைக் கரையான் தின்றது, நான் வேறு நடவில்லை. கவரியுடையது வைரம் பாய்ந்த வன்னிமரம். கரையான் அதைத் தொடவில்லை. போன பங்குனியில் அவள் வீட்டு மோர் கடையும் தூண் உளுத்து விழுந்தது. அவள் ஆற்றிலிருந்து கம்பத்தைப் பிடுங்கி வந்து முற்றத்தில் நட்டாள். தோளில் சுமந்து வந்தபோது நான்தான் மறுமுனையைப் பிடித்தேன்.

"ஆறு வந்தா என்ன பண்ணுவ தாயி?"

"வரட்டும். வந்தா தயிர்ப்பானையோட கொண்டுபோய் நட்டுட்டு வரேன்."

இருவரும் சிரித்தோம்.

ஏகாதசி விடிந்தது. நடு ஆற்றில் தண்ணீர் முழங்கால், ஓரங்களில் கணுக்கால். குளத்தங்கரையில் மேளம் பிளந்துகொண்டிருந்தது. வெளியூர் அண்ணன்மார்கள் நிறைந்து கிடந்தார்கள். கவரி புதுப்பாவாடை உடுத்தி, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றாள். பின்னால் பெம்பி, தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து. நான் பானை கொடுத்த உரிமையில் கூட நின்றேன். கீமா வாசலில் அபின் கரைக்கிறான் என்று பெம்பி சொன்னாள்.

அக்கரையில் அவன் எழுந்தான். செருப்பைக் கழற்றி மூட்டையில் செருகினான். மூட்டையைத் தலையில் வைத்து, வேட்டியைத் தூக்கிக் கட்டி இறங்கினான். கோவில் கொடியைப் பார்த்து நேராக நடந்தான். பழைய தடம் அதுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தத் தடத்தில் எல்லோரும் வருவோம்.

நடு ஆறு தாண்டினான். முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. அவன் வேகம் கூட்டினான்.

"வந்துட்டாரு" என்று பெம்பி எழுந்தாள்.

கவரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் பளபளவென்று மட்டமாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். தடத்தை ஒட்டித்தான் எங்கள் கிணறுகள்.

"அண்ணே, கம்பம்" என்றாள்.

கம்பம் அவள் வீட்டு முற்றத்தில் நின்றது. அவள் தலையிலிருந்த பானை விழுந்து உடைந்தது. இரண்டு கையையும் தூக்கி வீசினாள்.

"போ! வராத! திரும்பிப் போ! அண்ணா, வராத!"

குளத்து மேளத்தில் அவள் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. காற்றும் எங்கள் முகத்துக்கு எதிரே அடித்தது. நானும் கையை வீசினேன். பெம்பிக்கு என்னவென்று புரியவே கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவளும் முக்காடு அவிழ்ந்து விழ, "போங்க, போங்க" என்று கையை ஆட்டினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த கீமாவிடம் நான் கிணறு என்றேன். அவன் வேலியிலிருந்து ஒரு நீளக் கழியைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தான், தரையைக் குத்திப் பார்த்து வழி காட்ட.

ஜோகாராம் நின்றான். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். நான் அன்றிலிருந்து அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் காத்துக் கிடந்து வருகிறவனுக்கு எதிரே தங்கை பானையைப் போட்டு உடைக்கிறாள், போ போ என்கிறாள். கட்டினவள் போ என்கிறாள். ஊரான் ஒருவன் போ என்கிறான். மச்சான் கழியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

அவன் மூட்டையை இறக்கினான். செருப்பை மட்டும் உருவி எடுத்துக்கொண்டான். மூட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். அதை இழுத்துக்கொண்டு போகக்கூட ஆற்றில் தண்ணீர் இல்லை. போட்ட இடத்திலேயே கிடந்தது.

"மச்சான்! ஏ மச்சான், கெணறு! கெணறுய்யா!" என்று கீமா கத்தினான். முதலில் பேச மாட்டேன் என்றவன்தான். குத்திக்கொண்டே போனவனின் கழி ஒரு இடத்தில் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. அவனே தடுமாறி உட்கார்ந்தான். மூட்டை கிடந்த இடம் அங்கிருந்து நாலு எட்டு. சுற்றி வளைத்து அவன் அதை எடுத்து நிமிர்ந்தபோது ஜோகாராம் அக்கரை ஏறி மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

மூட்டையில் இரண்டு சேலை இருந்தது. ஒன்று தங்கைக்குப் போர்த்துகிற மஞ்சளும் சிவப்பும். மற்றது பச்சை, பெம்பிக்கு. கீமாவுக்கு ஒரு தலைப்பாகைத் துணி, நல்ல கெட்டிச் சாயம். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கரைத்த அபின் ஈ விழுந்து கிடந்தது.

மறுநாளே அவன் கிளம்பியிருப்பான். வடக்கே மறுபடி மழை பெய்து ஆறு இடுப்பளவு ஏறிவிட்டது. லூணி மொத்தம் பதினேழு நாள் ஓடியது, வருஷத்துக்கு ஒரு நாள் வீதம். மணல் காய்ந்ததும் கீமா அந்தப் புதுத் தலைப்பாகையை என் கையில் கொடுத்தான்.

"நான் போனா கழியோட வந்தவன்னுதான் பாப்பாரு. நீ போ. இதை அவரு காலடியில வை. நடந்தத சொல்லு."

சாந்தலியில் ஜோகாராம் என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தான். கம்பு ரொட்டியும் மோர்க்குழம்பும் வந்தன. நான் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தரையில் கோடு கிழித்துக்கொண்டு கேட்டான்.

"குயவரே, கணுக்கால் தண்ணி. நான் கொழந்தையா?"

"கெணறு இருந்துச்சுய்யா. நாலு எட்டுல."

"கெணறு எனக்குத் தெரியாதா? தங்கச்சியக் கட்டிக் குடுத்த மொத கோடையில நான்தான் எறங்கித் தூர் வாரினேன். என் கையால கம்பம் நட்டேன். வன்னி. எங்க வயல்ல வெட்டி ஆத்து மணல்ல சுமந்து வந்தது. அவ வீட்டுக் கெணத்துல ஒருத்தன் தவறி விழக்கூடாதுன்னு நட்டது. ஆத்துல எறங்கினதுமே அதத்தான் தேடினேன். கம்பம் இல்ல. கம்பம் இல்லன்னா அங்க கெணறு இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம், வெள்ளம் அடித்துப் போனது என்று. என் புத்திக்கு அது அப்போது எட்டவில்லை. "பங்குனியில பிடுங்கிட்டா. மோர் கடைய" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மோர் கடைய" என்றான். பிறகு நான் காலடியில் வைத்திருந்த தலைப்பாகையை எடுத்து என் மடியில் திரும்ப வைத்தான். "எல்லாம் காலங்கடந்துபோச்சுங்க. பெம்பி இனி எனக்கு வேண்டாம்னு நான் அன்னிக்கே பஞ்சாயத்தக் கூட்டிச் சொல்லிட்டேன். போன வாரம் வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்துட்டேன். பாவம், புருஷன் செத்தவ. அவள இனி எங்க அனுப்புவேன்?"

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. எனக்கு இன்னொரு ரொட்டி வந்தது.

திரும்பி வரும்போது சாயங்காலம். ஆற்றில் கீமாவும் இரண்டு பெண்களும் கிணற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கீமா உள்ளே இறங்கி சேற்றை அள்ளினான், பெண்கள் கயிற்றை இழுத்தார்கள். அந்த வருஷம் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்திலேயே, கற்கண்டு மாதிரி. கம்பம் மணலில் படுத்துக் கிடந்தது. நடுவில் கடைகயிறு அறுத்த தடம் வழவழவென்று இருந்தது.

கவரி என் கையிலிருந்த தலைப்பாகையைப் பார்த்தாள், அவ்வளவுதான். பெம்பிதான் வாளியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணே, அங்க?"

"ஆச்சு தாயி. மூணு ரொட்டி."

"கருகி இருந்துச்சா?"

"இல்லயே, நல்லா மெத்துனு..." என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

பெம்பி என் வாயையே பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தாள். "இழு மதினி" என்றாள். வாளி மேலே வந்தது. கவரி சேற்றைக் கொட்டிவிட்டு, கம்பத்தை நிமிர்த்தி, என்னைப் பிடிக்கச் சொல்லி, கல்லால் அடிக்க ஆரம்பித்தாள்.